நாற்பத்தேழாம் எண் ரத்தம்

எனக்குச் சமையலில் உப்பு அளவு வராது. கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிக் காட்டாத வாரம் கிடையாது. ஒரு சொட்டை ஐம்பது பங்காக்கி அதில் ஒரு பங்கை மட்டும் உறிஞ்சி எடுக்கிற கை, ஒரு சிட்டிகை உப்பில் போய்க் கோட்டை விடுகிறதே என்று சிரிப்பார். அவர் சொல்வது சரிதான். வீட்டில் நான் அளப்பதில்லை, அள்ளிப் போடுகிறேன். அளப்பதெல்லாம் ஆய்வகத்தோடு சரி.

நானாகத்தான் வந்திருக்கிறேன், ஐயா. யாரும் கூப்பிடவில்லை. உங்கள் விசாரணைக் குழுவின் அறிக்கையை எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தீர்கள். வரி விடாமல் வாசித்தேன். எங்கள் ஆய்வை நடத்துகிற டாக்டரம்மாவின் தம்பி முப்பத்தொன்பது வயதில் மாரடைப்பில் இறந்தார். இரண்டு வருஷமாக அவருக்குச் சர்க்கரை கண்டபடி ஏறியிருந்தும், எங்கள் ஆய்வகம் நான்கு முறையும் ‘நன்றாக இருக்கிறது’ என்றே எழுதிக் கொடுத்திருக்கிறது. மிச்சம் வைத்திருந்த குழாயை நீங்கள் பரிசோதித்தபோது அதில் இருந்தது ஒரு பெண்ணின் ரத்தம். இதுவரைக்கும் எல்லாம் சரி. அதற்கு அடுத்த வரியில், ‘கண்பார்வை குறைந்த மூத்த ஊழியரின் கவனக்குறைவு’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் வந்தேன். கவனக்குறைவாக நான் ஒரு குழாயைக்கூட மாற்றி வைத்ததில்லை. பத்தொன்பது வருஷ வேலை இது.

நீங்கள் சட்டம் படித்தவர், ரத்தம் படித்தவர் இல்லை. அதனால் எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பில் இருக்கிற கொழுப்புச் செல்கள் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவை ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அடிபோனெக்டின் என்று பெயர். ரத்தத்தில் அது தாராளமாக இருந்தால் சர்க்கரையும் கொழுப்பும் ஒழுங்காகச் செலவாகும். வருஷத்துக்கு வருஷம் அது குறைந்துகொண்டே போனால் சர்க்கரை நோயும் இதய நோயும் கிளம்பி வந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். இதைப் பார்க்கத்தான் டாக்டரம்மா முந்நூறு பேரைச் சேர்த்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வெறும் வயிற்றில் வரவழைத்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். பெயருக்குப் பதில் எண் ஒட்டிய குழாய்கள் என்னிடம் வரும். புரதத்தையும் சர்க்கரையையும் அளந்து எழுதுவது என் பொறுப்பு. யாருக்காவது சர்க்கரை அபாய அளவைத் தொட்டால் அன்றைக்கே ஒரு சிவப்புச் சீட்டு எழுதி டாக்டரம்மாவின் கையில் கொடுக்க வேண்டும். அவர் அந்த ஆளைக் கூப்பிட்டுச் சிகிச்சைக்கு அனுப்புவார்.

அளக்கிற தட்டு உள்ளங்கை அகலம் இருக்கும். அதில் தொண்ணூற்றாறு குழிகள். ஒவ்வொருவர் ரத்தத்தையும் இரண்டு குழிகளில் விடுவோம். கடைசியில் மஞ்சள் நிறம் வரும். நிறம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு புரதம். ஆனால் தட்டு பொய் சொல்கிறதா உண்மை சொல்கிறதா என்று எப்படித் தெரியும்? அதற்கு அளவு முன்பே தெரிந்த ரத்தம் ஒன்றை ஒவ்வொரு தட்டிலும் வைப்போம். அது சரியான எண்ணைக் காட்டினால் அந்தத் தட்டில் இருக்கிற அத்தனை பேருடைய எண்ணையும் நம்பலாம். காட்டாவிட்டால் மொத்தத் தட்டும் குப்பைக்கு.

ஒன்பது வருஷமாக அந்தத் தெரிந்த ரத்தம் என்னுடையது.

அதற்கு முன் கம்பெனியில் வாங்கி வைத்திருந்த ரத்தம் ஒரு தடவை கெட்டுப்போய் வேலை நின்றது. டாக்டரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் சட்டென்று கையை நீட்டினேன். என் அளவு பதினொன்று புள்ளி நான்கு வந்தது. ஒரு பெண்ணுக்கு அது அருமையான அளவு. அன்றைக்கு அவர் என் தோளைக் கட்டிக்கொண்டு சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்.

“நீ என் கூடப் பிறக்காத தங்கச்சிடி.”

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அடுத்த நாளும் சொன்னேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதிதாக ரத்தம் எடுத்துச் சிறு சிறு குழாய்களில் பிரித்து உறைய வைப்போம். என் கையில் ஊசி போட வேறு யாரையும் டாக்டரம்மா விட மாட்டார், தானே வருவார். ஆய்வகத்தில் மற்றவர்கள் என்னைக் கிண்டல் பண்ணுவார்கள், தட்டுக்குத் தட்டு உங்கள் ரத்தம் வந்து எங்களை மிரட்டுகிறது என்று. எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

என் கண் போவதற்கு முந்தைய நான்கு வருஷமாக அவர் என்னிடம் ஒரு குழாய் அதிகமாக எடுத்தார். ஊதா மூடி போட்ட சின்னக் குழாய். ஊதா மூடி எங்கள் புரதத்துக்கு உதவாது, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைப் பார்க்கத்தான் உதவும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அக்கா மாதிரி இருக்கிறவர் கையைப் பிடித்திருக்கும்போது, எதற்கு இது என்று கேட்கத் தோன்றவில்லை.

தட்டுக்கு வைக்கிற என் ரத்தத்தில் நான் அளப்பது புரதம் மட்டும்தான், சர்க்கரை இல்லை. அந்தப் புரத எண்ணும் அந்த நான்கு வருஷத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை புதிதாக எடுக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக. பத்து, எட்டரை, ஆறு, நாலு. நீங்கள் இந்த இடத்தில் என்னை மடக்கப் பார்ப்பீர்கள். எழுதியதே நீதானே, உனக்கே தெரிந்திருக்குமே என்பீர்கள். எழுதியது நான்தான். அளக்கப் பயன்படுத்துகிற மருந்துப் பெட்டி மாறினால் எண்களும் கொஞ்சம் மாறும், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் நான் இல்லை, ஐயா. சொல்ல வேண்டியவர் சொல்வார் என்று இருந்துவிட்டேன்.

சொன்னது என் கண். ஒருநாள் காலையில் இடது கண்ணுக்குள் கறுப்பாக நூல் நூலாக மிதந்தது. சாயங்காலத்துக்குள் திரை போட்டது போல் ஆகிவிட்டது. கண் டாக்டர் பார்த்துவிட்டு, எத்தனை வருஷமாக உங்களுக்குச் சர்க்கரை என்று கேட்டார். எனக்குச் சர்க்கரை கிடையாது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் அங்கேயே சோதித்துக் காட்டினார். கண்ணுக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, ஐந்தாறு வருஷமாவது சர்க்கரை இருந்திருக்கும் என்றார். அந்தக் கண் திரும்பவில்லை.

டாக்டரம்மாவிடம் போய் அழுதேன். அவரும் கண்கலங்கினார். என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

“இத்தனை நாளா யாருக்குமே தெரியாம போயிடுச்சே.”

அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

மூன்று மாதம் கழித்துத் தன் ஆய்வுக் கட்டுரையைச் சரிபார்க்கக் கொடுத்தார். எப்போதும் நான்தான் எண்களைச் சரிபார்ப்பேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரைபடம். ஒரே ஒரு ஆளுடைய ரத்தம், நான்கு வருஷம், எட்டு அளவுகள். ‘நாற்பத்தாறு வயதுப் பெண், ஆய்வகப் பணியாளர். சிகிச்சை எதுவும் அளிக்கப்படவில்லை’ என்று கீழே விளக்கம். ‘தலையீடு இல்லாத சரிவு’ என்று தலைப்பு. புரத எண்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சொந்தப் போன் நம்பர் மாதிரி அவை எனக்கு மனப்பாடம். பக்கத்திலேயே சர்க்கரை எண்கள் இருந்தன. அவற்றை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. ஊதா மூடிக் குழாயிலிருந்து வந்தவை.

எட்டு அளவுகள். எட்டுத் தடவை என் கையைப் பிடித்து ஊசி போட்டு, எட்டுத் தடவை பார்த்துவிட்டு, எட்டுத் தடவையும் என்னோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். மாத்திரை கொடுத்திருந்தால் வரைபடம் கெட்டுப்போயிருக்கும். அவ்வளவுதான் விஷயம். அதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. அந்தப் பக்கத்தை அவர் என்னிடமிருந்து மறைக்கவில்லை. எண்களைச் சரிபார்க்கத் தானே கொடுத்தார். மறைக்க வேண்டிய ஒரு ஆளாகக்கூட என்னை நினைக்கவில்லை, பாருங்கள்.

அதில் மூன்றாவது அளவில் தசமப் புள்ளி இடம் மாறியிருந்தது. திருத்திக் கொடுத்தேன். நல்லவேளை பார்த்தாய் என்றார்.

சண்டை போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரரும் இன்றைக்குக் காலையில் அதைத்தான் கேட்டார். சண்டை போட்டால் டாக்டரம்மா அழுவார். மன்னிப்புக் கேட்பார். கடைசியில் நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து அவரைத் தேற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையை நான் நிறையச் செய்துவிட்டேன். அவருக்குப் புரிய வேண்டும் என்றுதான் நினைத்தேன். வரைபடத்தை நம்புகிறவருக்கு வரைபடத்தால்தான் புரியும்.

அவருடைய தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. கலகலப்பான மனுஷன். அவர்கள் அப்பா நாற்பத்தொரு வயதில் நெஞ்சு வலித்துப் போனவர். அதனால் தம்பிக்கும் வந்துவிடுமோ என்று டாக்டரம்மாவுக்கு எப்போதும் ஒரு பயம். அவன் ஒருத்தன்தான் என் தம்பி என்று சொல்லிச் சொல்லி இந்த முந்நூறு பேரில் அவரையும் சேர்த்தார். எண் நாற்பத்தேழு. எண் யாருடையது என்று எனக்குத் தெரியக் கூடாது, அதற்குத்தான் எண். ஆனால் அவர் வரும்போதே கதவைத் தட்டி, நாற்பத்தேழு ஆஜர் என்று சொல்லிக்கொண்டுதான் வருவார். பட்டினியும் போட்டு ரத்தமும் எடுக்கிறீர்களே, இது நியாயமா அக்கா என்பார். ஆய்வகமே சிரிக்கும். எனக்கும் அவரைப் பிடிக்கும். அதில் ஒளிவுமறைவு இல்லை.

என் ரத்தத்தின் முதல் வருஷத்துக் குழாய்கள் உறைபெட்டியின் அடியில் இன்னும் இருந்தன. பதினொன்று புள்ளி நான்கு இருந்த காலத்து ரத்தம். கெட்டிருக்குமோ என்று முதலில் ஒன்றை அளந்து பார்த்தேன். பதினொன்று புள்ளி இரண்டு வந்தது. சர்க்கரை எண்பத்தெட்டு. நன்றாகப் பாதுகாத்திருந்தோம். அந்தச் சிறு குழாய்கள் நான்கைச் சேர்த்தால் ஒருவருடைய குழாய் நிறைந்துவிடும். ஐஸ் மேல் வைத்து மெதுவாக உருக வைத்தேன், அவசரப்படுத்தினால் புரதம் கெடும். புதுக் குழாயில் ஊற்றி, நாற்பத்தேழு என்று ஒட்டினேன். தம்பியின் சொந்த ரத்தத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

அதைத்தான் நீங்கள் ‘மாறிப்போய்விட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருஷத்தில் நான்கு தடவை, ஐயா. நல்ல வெளிச்சத்தில், வலது கண்ணால், ஒரு சொட்டு சிந்தாமல்.

நான் எந்த எண்ணையும் பொய்யாக எழுதவில்லை. தட்டில் வைத்த ரத்தம் என்ன காட்டியதோ அதையே எழுதினேன். அது நல்ல ரத்தம், நல்ல எண் வந்தது. முதல் தடவை அந்தத் தாளைப் பார்த்ததும் டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். ஆண்களுக்கு இந்தப் புரதம் பெண்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஐந்து, ஆறு இருந்தாலே நல்லது. பதினொன்று என்பது கொஞ்சம் ஓவர்.

“ஆம்பளைக்கு இவ்வளவு வருமா?”

“திரும்பப் பார்க்கவா மேடம்?” என்று கேட்டேன். மனதாரத்தான் கேட்டேன். சரி, பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தம்பிக்கு மறுபடி ஊசி போட்டு அவர் முன்னாலேயே அளந்திருப்பேன். எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

“வேணாம். நீ பார்த்தா சரியாத்தான் இருக்கும். கொடுத்து வச்சவன்.”

அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்தடுத்த தடவையும் அதே அளவு, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. உயிரோடு இருக்கிற மனுஷனுடைய ரத்தம் அப்படி அசையாமல் நிற்காது. இது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்துப் பேருக்குப் பாடம் எடுக்கிறவர். சந்தோஷமாக இருக்கும்போது யாரும் திரும்ப அளப்பதில்லை என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

தம்பியின் சொந்த ரத்தத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் அதே தட்டின் கடைசி வரிசையில் இரண்டு குழிகளில் வைத்து, ஒழுங்காக அளந்தேன். இந்தத் தாளைப் பாருங்கள். தேதி, புரதம், சர்க்கரை. மூன்று புள்ளி ஆறு, நூற்று அறுபத்தெட்டு. மூன்று புள்ளி ஒன்று, இருநூற்றுப் பதினான்கு. இரண்டு புள்ளி நான்கு, இருநூற்று அறுபத்து மூன்று. ஒன்று புள்ளி ஒன்பது, முந்நூற்றுப் பத்து. இரண்டு குழிகளுக்கும் நடுவே வித்தியாசம் எங்கேயும் நூற்றுக்கு நான்கைத் தாண்டவில்லை. கண் தெரியாதவள் செய்கிற வேலையா இது?

இரண்டாவது அளவிலிருந்து ஒவ்வொரு தடவையும் சிவப்புச் சீட்டு எழுத வேண்டிய ரத்தம்தான். மூன்று சீட்டுகளையும் எழுதியிருக்கிறேன். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, இந்த உறையில் வைத்திருக்கிறேன். கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

டாக்டரம்மா எனக்கு நான்கு வருஷம் கொடுத்தார். நானும் அவர் தம்பிக்கு நான்கு வருஷம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். எட்டு அளவுகள் சேர்ந்ததும் அதே மாதிரி ஒரு வரைபடம் போட்டு, அதே தலைப்பு வைத்து, மேடம் இதைக் கொஞ்சம் சரிபார்த்துக் கொடுங்கள் என்று அவர் மேஜையில் வைக்க வேண்டும். அவர் ஒவ்வொரு எண்ணாக வாசித்துக்கொண்டு வந்து, யாருடையது என்று புரிகிற அந்த நிமிஷத்தில் நான் எதிரில் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு தம்பியை அழைத்துக்கொண்டு போய் வைத்தியம் பார்த்துக்கொள்ளட்டும். கண்ணோ காலோ கொஞ்சம் போயிருக்கும். எனக்கும் போனதுதானே. யாரையும் சாகடிக்க நினைக்கிற ஆள் இல்லை நான்.

அவர் நான்காவது அளவிலேயே போய்விட்டார். வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்தில், ஏழாவது மாடியில், லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர்கள் அப்பாவின் வயதை நான் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். அது என் பிழை. அதை ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

துக்கத்துக்குப் போனேன். அவருடைய குழந்தைக்கு நான்கு வயது, எல்லோருக்கும் தன் புதுச் செருப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் ஓடிவந்து என் மேல் விழுந்து அழுதார். ரிப்போர்ட் எல்லாம் நன்றாகத்தானே இருந்தது, நீதானே பார்த்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். முதுகைத் தடவிக் கொடுத்தேன். அப்போதே தாளை எடுத்துக் கொடுத்திருக்கலாம். நான்கு அளவுகளை வைத்துக்கொண்டு என்ன வரைபடம் போடுவது என்று விட்டுவிட்டேன்.

பிறகு உங்கள் விசாரணை. அங்கே அவர் எனக்காகப் பேசினாராம். அதையும் அறிக்கையில் போட்டிருக்கிறீர்கள். “அவளை ஒண்ணும் செய்யாதீங்க. பாவம், கண்ணு தெரியாதவ.” இதை வாசித்தபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கண்ணை எடுத்துக்கொண்டவர், அதையே காட்டி என்னை மன்னிக்கிறார். என் கையில் இருந்தது வேலை ஒன்றுதான். அதையும் பிழை என்று எழுதவைத்துவிட்டார். ஏமாற்றப்பட்டவள் ஒருத்தியை எத்தனை தடவைதான் ஏமாற்றுவது, சொல்லுங்கள்.

நாற்பத்தேழாம் குழாயில் இருந்த பெண் யார் என்று கண்டுபிடிக்கவில்லை என்று முடித்திருக்கிறீர்கள். என் கையிலிருந்து எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இப்போது புரதம் குறைந்திருக்கும், ஆனால் ஆள் அதே ஆள்தான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தாள் என்று ஆகக் கூடாது.

நான்காவது ரத்தம் கொடுத்த பத்தாம் நாள், மத்தியான நேரத்தில், அந்தத் தம்பி என் அறைக்கு வந்தார். அன்றைக்கு நாற்பத்தேழு ஆஜர் என்று சொல்லவில்லை. இடுப்புப் பட்டையில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

“அக்கா, உண்மையச் சொல்லுங்க. எனக்கு உடம்புல ஏதோ சரியில்ல. படி ஏறினா மூச்சு வாங்குது, வாய் எப்பப் பாரு காஞ்சு கிடக்கு. எங்க அக்காகிட்ட கேட்டா, உன் ரிப்போர்ட்ட ஃப்ரேம் போட்டு மாட்டணும்டாங்கறா. நீங்கதானே அளக்கறீங்க. நீங்க சொன்னா நம்பறேன்.”

முந்நூற்றுப் பத்து என்ற எண்ணை அப்போது என் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். கையை நீட்டினால் எட்டிவிடும்.

“எல்லாம் நல்லா இருக்கு தம்பி. வேலை ஜாஸ்தி, அதான். நாலு நாள் லீவு போட்டுத் தூங்குங்க.”

அவர் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். இன்னொன்று கேட்டார். மொத்தம் நான்கு டம்ளர் குடித்தார். நிம்மதியாக இருக்கிறது அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் தாளை எடுத்து, ஒன்று புள்ளி ஒன்பதுக்குப் பக்கத்தில், அதிகத் தாகம், நான்கு டம்ளர் என்று குறித்துக்கொண்டேன். அங்கே பாருங்கள், என் கையெழுத்துதான்.

டாக்டரம்மாவையும் என்னையும் ஒரே தட்டில் வைத்து நீங்கள் எழுதிவிடக் கூடாது, ஐயா. அந்த நான்கு வருஷமும் எனக்கும் இப்படித்தான் நாக்கு வறண்டது, அவர் ஒரு நாள்கூட ஏன் என்று கேட்கவில்லை. நான் அவர் தம்பிக்குக் கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தேன்.